மெய்நிகர் முட்டைகளை அடைகாத்த வரலாறு: தமகோச்சி முதல் போக்கிமான் கோ வரை

முன்னுரை

"தாத்தா, வாக்கிங் போறப்ப என் போனையும் சட்டைப்பையில போட்டுக்கோங்க. நீங்க நடந்தா என் முட்டை பொரியும்." சென்ற கோடை விடுமுறைக்கு ஏனாத்தூர் வந்திருந்த என் பேரன் சொன்னது இது. முதல் நாள் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் மாலை வீடு திரும்பியதும் அவன் கைபேசித் திரையில் ஒரு முட்டை ஆடியது, விரிசல் விட்டது, உள்ளிருந்து ஒரு சிறு விலங்கு வெளியே குதித்தது. மொத்தம் 10 கிலோமீட்டர் நடந்தது நான். குஞ்சு அவன் கணக்கில் சேர்ந்தது.

அவன் ஆடுவது 'போக்கிமான் கோ' என்னும் இணைய விளையாட்டு. கற்பனை விலங்குகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதே அதன் நோக்கம். சில விலங்குகள் முட்டையாகக் கிடைக்கும். முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்க ஆடுபவர் நடக்க வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டே, குறைந்த செலவில், அதிக முட்டைகளைப் பொரிக்க வைப்பது எப்படி என்பது இவ்விளையாட்டை ஆடுவோர் ஓயாமல் போடும் கணக்கு.

இது சிறுவர் விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய மனிதனால் முடியுமா, எந்த வேலையோடு எந்த வேலை சேரும், எதோடு சேர்த்தால் ஆபத்து என்ற கேள்விகளுக்கு இந்த முட்டையின் வரலாற்றில் விடை இருக்கிறது. அதை மாணவர்களுக்காகத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மையான முட்டை கேட்கும் விலை

விளையாட்டு முட்டைக்குச் செல்லுமுன் உண்மையான முட்டையைச் சற்றுப் பார்ப்போம். கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். முட்டையை அவ்வப்போது திருப்பிவிடவும் வேண்டும். அடைக்கு உட்கார்ந்த கோழி இரை தேடக்கூடச் சிறிது நேரமே எழுந்து போகும். அடைகாத்தல் என்பது கோழிக்கு முழுநேர வேலை. இந்த வேலையிலிருந்து கோழியை விடுவிக்கவே மனிதன் அடைகாப்புக் கருவியைக் கண்டான். பண்டைய எகிப்தியர் களிமண் அடுப்பு அறைகளில் முட்டைகளை மொத்தமாகப் பொரிக்க வைத்தனர். இன்றைய கோழிப் பண்ணைகளில் இன்குபேட்டர் அப்பணியைச் செய்கிறது.

காஞ்சிபுரத்தாருக்கு இன்னொரு முட்டையும் நெருக்கமானது. நம் ஊர்த் தறியில் ஓடும் பட்டு இழை ஒரு பட்டுப்பூச்சி முட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டுப்புழு வளர்ப்போர் முட்டைகளைச் சுமார் 25 பாகை வெப்பத்தில் பத்து நாட்கள் அளவில் வைத்துக் காப்பர். பொரிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் கறுப்புத் தாளால் மூடி இருட்டில் வைப்பர். குறித்த நாள் காலையில் வெளிச்சம் காட்டினால் பெரும்பாலான முட்டைகள் ஒருசேரப் பொரியும். எல்லாப் புழுக்களும் ஒரே வயதில் இருப்பதால் மல்பெரி இலை போடுவதும் தட்டு மாற்றுவதும் ஒரே வேளையில் முடியும்.

பல முட்டைகளை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகப் பொரிய வைக்கும் இந்த உத்தியையே பிற்காலத்தில் விளையாட்டுப் பிள்ளைகளும் கண்டுபிடித்தார்கள்.

தமகோச்சி: கண்ணை எடுக்க விடாத முட்டை

மின்னணு விளையாட்டில் முட்டையை உலகப் புகழ் பெறச் செய்தது ஜப்பானின் தமகோச்சி. 1996 நவம்பர் 23 அன்று பண்டாய் நிறுவனம் இதை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'தமகோ' என்றால் ஜப்பானிய மொழியில் முட்டை. முட்டை வடிவில், உள்ளங்கையில் அடங்கும் கருவி; சிறு திரை, மூன்று பொத்தான்கள். இயக்கியதும் திரையில் ஒரு முட்டை தோன்றும். சுமார் ஐந்து நிமிடங்களில் அது பொரிந்துவிடும்.

இதில் பொரிப்பது எளிது, வளர்ப்பதுதான் கடினம். பசித்தால் உணவு தர வேண்டும். அசுத்தம் செய்தால் துடைக்க வேண்டும். தூங்கினால் விளக்கை அணைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அது இறந்துவிடும். எந்த நேரத்திலும் 'பீப்' என்று கூப்பிடும். பாட வேளையிலும் கூப்பிட்டதால் பல நாடுகளில் பள்ளிகள் இதைத் தடை செய்தன. பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் பெற்றோர் அதைப் பார்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு.

சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் பணிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் இக் நோபல் பரிசு, 1997இல் பொருளியல் பிரிவில் தமகோச்சியை உருவாக்கிய அகி மைட்டா, அகிஹிரோ யோகோய் இருவருக்கும் கிடைத்தது. பல இலட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத பிராணிகளை வளர்ப்பதில் திருப்பிவிட்டதற்காக என்பது பரிசுக்குச் சொல்லப்பட்ட காரணம். அது கேலிதான், ஆனாலும் குறி தப்பாத கேலி. தமகோச்சியை வைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பது இயலாது. அது அடிக்கடி கண்ணையும் கையையும் கேட்டது.

போக்கிமானில் முட்டை: காலடிக் கணக்கு

அதே 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று, நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக ஜப்பானில் வெளியானது போக்கிமான். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள மச்சிதா பகுதியில் வண்டுகளையும் பூச்சிகளையும் பிடித்துத் திரிந்தவர். வயல்கள் கட்டடங்களாக மாறிய பின் வந்த பிள்ளைகளுக்கும் அந்தத் தேடும் இன்பம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமே இவ்விளையாட்டின் விதை. முதல் பதிப்புகளில் 151 விலங்குகள் இருந்தன. முட்டை இல்லை.

1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியான 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில் முட்டை வந்தது. விளையாட்டில் ஒரு முதிய தம்பதியர் விலங்குக் காப்பகம் நடத்துவர். ஆடுபவர் அங்கு இரண்டு விலங்குகளை விட்டுச் சென்றால், அவை பொருந்தும் இணையாக இருக்கும்போது ஒரு முட்டை கிடைக்கும். ஆடுபவர் தன்னுடன் ஆறு இடங்களில் விலங்குகளையோ முட்டைகளையோ கொண்டு செல்லலாம். அவருடைய பாத்திரம் திரையில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் எண்ணப்படும். 256 அடிகள் ஒரு சுற்று. ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை சுற்று என்று விதி உண்டு. மாஜிகார்ப் என்னும் மீனுக்கு 5 சுற்று, அதாவது 1,280 அடிகள் போதும். பல இனங்களுக்கு 20 சுற்று, அதாவது 5,120 அடிகள் தேவை. டிராடினி என்னும் நாகத்துக்கு 40 சுற்று, 10,240 அடிகள்.

இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தமகோச்சி முட்டை கடிகாரத்தைப் பார்த்துப் பொரிந்தது. போக்கிமான் முட்டை ஆடுபவரின் அசைவைப் பார்த்துப் பொரிகிறது. உட்கார்ந்திருக்கும் கோழிக்கு நேர் எதிர். ஆனால் அது தன்னைக் கவனிக்கச் சொல்வதில்லை. பசிக்காது, அழாது, இறக்காது. வேறு காரியமாக ஊர் சுற்றினாலும் அடிகள் எண்ணிக்கையில் சேரும். ஒரு வேலையின் பின்னணியில் இன்னொரு வேலை நடக்கலாம் என்ற வசதி இந்த முட்டையோடு விளையாட்டுக்குள் வந்தது.

வெப்பம் தரும் துணையும் ஐந்து முட்டைகளும்

சிறந்த குஞ்சு வேண்டுமென்று நூற்றுக்கணக்கில் முட்டைகளைப் பொரிக்க வைப்பவர்களுக்கு அடிகளைக் குறைப்பது பெரும் கவலையாயிற்று. விளையாட்டில் மிதிவண்டி உண்டு. அதில் ஏறினால் அதே அடிகள் விரைவாகக் கடக்கும். நீண்ட நேர்ச்சாலையில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

2004 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான 'எமரால்டு' பதிப்பு இன்னொரு வழி காட்டியது. தீப்போன்ற உடலோ, எரிமலைக் குழம்புக் கவசமோ உடைய ஒரு விலங்கு உடன் இருந்தால் முட்டைகள் பாதி அடிகளில் பொரியும். கோழியின் உடல் வெப்பம் முட்டையைப் பொரிக்கிறது என்ற இயற்கை உண்மையை விளையாட்டு இவ்வாறு எடுத்துக்கொண்டது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 5,120 அடிகள் கேட்கும் ஐந்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்தால் 25,600 அடிகள் நடக்க வேண்டும். ஆறு இடங்களில் ஒன்றில் வெப்பம் தரும் விலங்கும் மற்ற ஐந்தில் முட்டைகளும் வைத்தால், ஐந்தும் ஒன்றாக எண்ணப்படும், அதுவும் பாதியாக. 2,560 அடிகளில் ஐந்தும் பொரிந்துவிடும். செலவு பத்தில் ஒரு பங்கு. கறுப்புத் தாளில் மூடி எல்லா முட்டைகளையும் ஒரே காலையில் பொரிய வைக்கும் பட்டு விவசாயியின் அறிவுதான் இது.

கையும் சலித்தபோது இன்னொரு குறுக்குவழி வந்தது. 2013 அக்டோபர் 12 அன்று உலகெங்கும் வெளியான 'எக்ஸ்', 'ஒய்' பதிப்புகளில் ஒரு பெரிய கோபுரத்தைச் சுற்றி வட்டப்பாதை இருந்தது. திசைப் பொத்தானை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தாலே பாத்திரம் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் பொத்தானின் ஓரத்தில் நாணயத்தைச் செருகி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போனார்கள். 2022 நவம்பர் 18 அன்று வெளியான 'ஸ்கார்லெட்', 'வயலட்' பதிப்புகளில் நாணயமும் வேண்டியதில்லை. சுற்றுலா விரிப்பு விரித்து உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கும் கூடையில் முட்டைகள் தாமாகச் சேரும். பத்து முட்டைகள் வரை சேர்ந்தபின் வந்து எடுத்துக்கொள்ளலாம். பொரிப்பதற்குத்தான் நடக்க வேண்டும்.

தெருவுக்கு வந்த முட்டை

இதுவரை சொன்னவற்றில் நடந்தது திரையில் உள்ள பாத்திரம். ஆடுபவரின் கால் நடந்ததில்லை. காலடிகளை எண்ணும் கருவி ஜப்பானுக்குப் புதிதன்று. 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் 'மன்போ-கெய்' 1965இலேயே அங்கு விற்பனைக்கு வந்தது. நாள்தோறும் 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று இன்று மருத்துவ அறிவுரைபோல் சொல்லப்படுவதன் தொடக்கம் அந்த வணிகப் பெயர்தான். 1998 மார்ச்சில் நின்டெண்டோ, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் மகிழும் ஒரு பிக்காச்சு பொம்மைக் கருவியை வெளியிட்டது.

விலங்குகளைச் சேர்ப்பதையும் உண்மையான நடையையும் உலக அளவில் ஒன்றாக்கியது போக்கிமான் கோ. அமெரிக்காவின் நியான்டிக் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கைபேசிச் செயலி 2016 ஜூலை 6 அன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் பதிவிறக்கம் 50 கோடியைத் தாண்டியது.

இதில் முட்டை வேலை செய்யும் முறை எளியது. ஊரில் உள்ள சிலை, நினைவுச் சின்னம், கலைச்சுவர், வழிபாட்டிடம் போன்றவை விளையாட்டு வரைபடத்தில் 'போக்கிஸ்டாப்' என்ற இடங்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். அருகில் சென்று திரையில் அதைச் சுழற்றினால் சில நேரம் ஒரு முட்டை கிடைக்கும். முட்டையை இன்குபேட்டரில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் 2, 5, 10 கிலோமீட்டர் என மூவகை முட்டைகள் இருந்தன. பின்னர் 2018இல் 7 கிலோமீட்டர் முட்டையும், 2020இல் 12 கிலோமீட்டர் முட்டையும் சேர்ந்தன. அத்தனை தூரம் ஆடுபவர் நடக்க வேண்டும். வாகன வேகத்தில் கடந்த தூரம் முழுமையாகக் கணக்கில் சேராது.

முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு கடுமையான நிபந்தனை இருந்தது. செயலி திறந்திருந்தால் மட்டுமே கைபேசியில் தூரம் ஏறும். கைபேசியை அணைத்துப் பையில் வைத்துவிட்டு நடந்தால் பயனில்லை. ஆகவே நடப்பவர் கையில் விளக்கெரியும் திரை இருந்தது. திரை இருந்தால் கண் அங்கே போகும். ஆபத்து அங்கேதான் தொடங்கியது.

நடக்காமல் ஏமாற்றும் வழிகளையும் மக்கள் உடனே கண்டுபிடித்தார்கள். மின்விசிறி இறக்கையில் கைபேசியைக் கட்டியவர், இசைத்தட்டுக் கருவியில் வைத்துச் சுற்றவிட்டவர், பொம்மை ரயிலில் ஏற்றியவர், நாயின் கழுத்தில் மாட்டியவர் பற்றியெல்லாம் 2016 ஜூலையில் செய்திகள் வந்தன. மனிதன் அடைகாப்புக் கருவியைக் கண்டுபிடித்ததும் இதே காரணத்துக்காகத்தான் என்பதை நினைத்தால் வியப்பு வராது.

இந்தியாவுக்கு வந்த முட்டையும் நீதிமன்றமும்

போக்கிமான் தொடரை 2000களின் தொடக்க ஆண்டுகளில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் 2016இல் கல்லூரி மாணவர்களாக இருந்தார்கள். விளையாட்டு முறைப்படி இந்தியாவில் வெளியாகும் முன்பே ஜூலை மாதத்தில் பலர் மாற்று வழிகளில் அதைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டனர். ரிலையன்ஸ் ஜியோவுடன் இணைந்து 2016 டிசம்பர் 14 அன்று அது இந்தியாவில் முறையாக வெளியானது. ரிலையன்ஸ் கடைகள் பல வரைபடத்தில் போக்கிஸ்டாப்களாக மாறின.

அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், இந்த முட்டை குஜராத் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழிபாட்டிடங்களில் விளையாட்டு முட்டைகளைத் தருகிறது. முட்டை அசைவப் பொருள். இது இந்து, சமண சமயத்தாரின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று ஒரு பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. ஆடுவோரின் உயிருக்கும் தனியுரிமைக்கும் ஆபத்து என்றும் மனுவில் கூறப்பட்டது. நீதிமன்றம் நியான்டிக் நிறுவனத்துக்கும் மத்திய, மாநில அரசுகளுக்கும் அறிவிக்கை அனுப்பியது.

வழக்கத்துக்கு மாறான கேள்வி இது. கணினிக் கோடுகளால் வரைந்த முட்டை முட்டையாகுமா? இளைஞர்கள் சிரித்தார்கள். ஆனால் கோயில் நகரில் வாழும் எனக்கு மனுதாரரின் தயக்கம் முற்றிலும் புரியாததன்று. வழிபாட்டிடங்கள் வரைபடத்தில் இடம்பெற்ற விதமும் அறியத்தக்கது. நியான்டிக் 2012இல் தொடங்கிய 'இங்கிரஸ்' என்ற முந்தைய விளையாட்டில், ஆடியவர்களே தத்தம் ஊரின் சிறப்பான இடங்களைப் படமெடுத்து அனுப்பினர். அந்தப் பட்டியலே போக்கிமான் கோவுக்கு அடித்தளமாயிற்று. நம் நாட்டில் ஊரின் சிறப்பான இடம் எது என்று கேட்டால் கை முதலில் கோபுரத்தைத்தான் காட்டும்.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு வேறொரு வழியில் பதில் வந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், மாநிலத்தின் கோயில்களுக்குள் கைபேசி பயன்படுத்தத் தடை விதிக்க இந்து சமய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. வழிபாட்டின் தூய்மையையும் கண்ணியத்தையும் காப்பது அதன் நோக்கம். விளையாட்டு பற்றிய வழக்கு அன்று அது. ஆயினும் சன்னதியில் நிற்பவர் கவனம் திரையில் இருக்கலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

சிக்கனமான அடைகாப்பு: ஒரு கணக்கு

போக்கிமான் கோவில் எல்லோருக்கும் ஓர் இன்குபேட்டர் இலவசம். எத்தனை முறையும் பயன்படுத்தலாம். மற்றொரு வகை மூன்று முட்டைகளுக்குப் பின் உடைந்துவிடும். கடையில் அதன் விலை 150 போக்கிகாயின். காசு கொடுத்துக் காயின் வாங்கலாம். விளையாடிச் சம்பாதித்தால் நாளொன்றுக்கு 50 காயின் வரை கிடைக்கும். ஆகவே ஒரு முட்டைக்கான செலவு 50 காயின், ஒரு நாள் உச்ச வருமானம்.

எந்த முட்டையை எதில் வைப்பது? ஒருவர் பத்து நாட்களில் 30 கிலோமீட்டர் நடப்பதாகக் கொள்வோம். இலவச இன்குபேட்டரில் 2 கிலோமீட்டர் முட்டைகளையே தொடர்ந்து வைத்தால் 15 பொரியும். உடையும் இன்குபேட்டரில் 10 கிலோமீட்டர் முட்டைகளை வைத்தால் அதே 30 கிலோமீட்டரில் 3 பொரியும். மொத்தம் 18. இதை மாற்றிச் செய்தால், உடையும் இன்குபேட்டர் முதல் 6 கிலோமீட்டரிலேயே மூன்று சிறு முட்டைகளோடு தீர்ந்துவிடும். இலவச இன்குபேட்டரில் 30 கிலோமீட்டருக்கு 3 பெரிய முட்டைகள் மட்டுமே. மொத்தம் 6. அதே நடை, அதே செலவு. பலன் மூன்றில் ஒரு பங்கு. வகுப்பில் விகிதக் கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்தலாம். கடைசி இருக்கை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது பொரியும் வரை தெரியாது. 2021 வரை என்னென்ன விலங்குகள் வரக்கூடும் என்ற பட்டியலைக்கூட விளையாட்டு காட்டவில்லை. ஆடியவர்களின் எதிர்ப்புக்குப் பிறகே அதைக் காட்டத் தொடங்கியது. உள்ளே இருப்பது தெரியாமல் காசு கொடுத்து இன்குபேட்டர் வாங்குவது பரிசுச்சீட்டு வாங்குவதற்கு நெருங்கிய உறவு. பிள்ளைகளின் கையில் பெற்றோரின் பணப்பைச் செயலியோடு கூடிய கைபேசியைத் தருபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அவதானமும் கவனச் சிதறலும்

ஒரே நேரத்தில் பல பணி என்றால் தமிழ் மரபில் நினைவுக்கு வருவது அவதானக் கலை. எட்டுச் செயல்களில் ஒருசேரக் கவனம் வைப்பவர் அட்டாவதானி. பத்தில் வைப்பவர் தசாவதானி. நூறில் வைப்பவர் சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றவர். அவதானியிடம் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். இடையில் மணி அடிக்கும். முதுகில் நெல்லோ சிறு கல்லோ விழுந்துகொண்டிருக்கும். முடிவில் மணி எத்தனை, கல் எத்தனை என்று பிழையின்றிச் சொல்ல வேண்டும்.

முதுகில் விழும் கல்லை எண்ணுவதும் காலடியை எண்ணுவதும் ஒரே வகை வேலை. கவனத்தின் ஓரத்தில் ஓடும் எண்ணிக்கை அது. ஆண்டுக்கணக்கான பயிற்சியால் அவதானி அதைத் தம் மனத்துக்குள் செய்தார். விளையாட்டில் அந்த எண்ணிக்கையைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. பயிற்சி இல்லாத நம்மைப் போன்றவர்கள் இரண்டு வேலைகளுக்கும் கண்ணையும் மனத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு 1927இலேயே இதைச் சோதித்தார். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட, இரண்டு வகைகளை மாறி மாறிச் செய்யும்போது கூடுதல் நேரம் பிடித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனம் ஒரு சிறு விலை கொடுக்கிறது.

சாலையில் அந்த விலை பெரிது. போக்கிமான் கோ வெளியான சில வாரங்களிலேயே வாகன ஓட்டுநர்களும் நடப்பவர்களும் இதனால் கவனம் சிதறுவது பற்றி அமெரிக்க மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வந்தது. வண்டி ஓட்டும்போது ஆடாதீர்கள் என்ற எச்சரிக்கையைச் செயலியே காட்டத் தொடங்கியது. வேகமாகச் சென்றால் 'நான் ஓட்டுநர் அல்லன், பயணி' என்று உறுதி கூறிய பின்னரே தொடர முடிந்தது.

நடையின் நன்மையும் அளக்கப்பட்டது. 2016 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரையுள்ள ஆட்டக்காரர்கள் முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் மறைந்து, பழைய அளவுக்கே திரும்பிவிட்டனர். புதுமை தீர்ந்ததும் கால் நின்றுவிட்டது.

பையில் பொரியும் முட்டை

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இரண்டு படிகளில் வந்தது. 2016 செப்டம்பரில் மணிக்கட்டில் கட்டும் 'கோ பிளஸ்' கருவி வந்தது. அதை இணைத்துவிட்டால் திரையைப் பார்க்காமலே தூரம் ஏறும். அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2018 இறுதியில் 'அட்வென்ச்சர் சிங்க்' என்ற வசதி எல்லோருக்கும் வந்தது. கைபேசியில் ஏற்கெனவே உள்ள ஆப்பிள் ஹெல்த், கூகுள் ஃபிட் போன்றவை எண்ணிவைத்த நடையை விளையாட்டு எடுத்துக்கொண்டது. செயலி மூடியிருக்கலாம், கைபேசி பையில் இருக்கலாம். வாரத்துக்கு 25, 50 கிலோமீட்டர் நடந்தால் தனிப் பரிசும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குகள் வந்தபோது, வெளியே செல்ல முடியாதவர்களுக்காக முட்டைகள் பாதித் தூரத்திலேயே பொரியும்படி விதி தளர்த்தப்பட்டது.

தமகோச்சியிலிருந்து இங்கு வரை 22 ஆண்டுகள். முதலில் முட்டை கண்ணையும் கையையும் கேட்டது. பிறகு கையை மட்டும் கேட்டது. அதன்பின் காலையும் கண்ணையும் சேர்த்துக் கேட்டது. அதுதான் மிக ஆபத்தான கட்டம். கடைசியில் காலை மட்டும் கேட்டது. சந்தைக்குப் போகிறவர், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறவர், கல்லூரி வளாகத்தில் வகுப்பு மாறுகிறவர் யாரும் தம் வேலையை விடாமலே முட்டை பொரிக்கலாம்.

தறியில் உட்காரும் நெசவாளர் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார். அவருடைய கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை ஓட்டுகிறது. கண் மட்டும் இழையை விட்டு அகலாது. வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நெய்வார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நெய்ய மாட்டார். காது ஓய்வாக இருக்கிறது, கண் ஓய்வாக இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முடிவுரை

வேறு வேலையோடு சேர்த்து முட்டை பொரிக்க விரும்பும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு விதி. இரண்டு வேலைகள் ஒரே உறுப்பைக் கேட்டால் அவற்றைச் சேர்க்காதீர்கள். நடையோடு முட்டை சேரும். வண்டி ஓட்டுவதோடு சேராது. சாலையைக் கடப்பதோடு சேராது. பாடம் படிப்பதோடும் சேராது. பெரிய முட்டையை விலையுள்ள இன்குபேட்டரிலும் சிறியதை இலவச இன்குபேட்டரிலும் வையுங்கள். பலவற்றை ஒன்றாகத் தொடங்குங்கள். பிறகு கைபேசியைப் பையில் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து நடங்கள். முட்டை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது. வண்டு பிடிக்கத் திரிந்த சிறுவயது இன்பத்தைப் பிள்ளைகளுக்குத் தர நினைத்தார் தஜிரி. பிள்ளையைத் தெருவில் நடக்க வைக்கத்தான் 10 கிலோமீட்டர் முட்டை வைத்தார்கள். என் பேரனோ அந்த நடையைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தான். அவன் கண்டுபிடித்தது மின்விசிறியைவிட மலிவான இன்குபேட்டர். அடுத்த விடுமுறையில் கைபேசியைச் சட்டைப்பையிலும் அவனைக் கையிலும் பிடித்துக்கொண்டுதான் கிளம்புவதாக இருக்கிறேன்.